வெற்றிட உலையில் உலோகங்களை இணைத்தல்: பிரேசிங்கும் விரவல் இணைப்பும் – முழுமையான வழிகாட்டி

வெற்றிட உலையின் கதவை மூடிய பிறகு நம் கையில் எதுவும் இல்லை. கேஸ் வெல்டிங் செய்கிறவர் சுடரைத் திருப்பலாம், கம்பியைக் கூடக் கொடுக்கலாம், ஆக்சைடைக் கரைக்கும் ஃபிளக்ஸை இன்னும் கொஞ்சம் தடவலாம். இங்கே உள்ளே வைத்தது வைத்ததுதான். அதனால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி உலைக்கு வெளியே, மேசை மேல் நடக்கும் வேலையைப் பற்றியது. புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே உலையின் வெப்ப அட்டவணையைக் கேட்கிறார்கள். அதை நான் ஒன்பதாவது படியில் வைத்திருக்கிறேன்.

பிரேசிங்குக்கு எடுத்துக்கொண்டிருக்கும் வேலை, நீரால் குளிரூட்டப்படும் ஒரு செம்பு உருளையில் 304எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை வெள்ளி–செம்புக் கலவையால் இணைப்பது. துகள் முடுக்கிகளிலும் எக்ஸ்-ரே குழாய்களிலும் இதே வகை இணைப்பு வருகிறது. விரவல் இணைப்புக்கு 316எல் தகடுகளை அடுக்கிச் செய்யும் நுண்கால்வாய் வெப்பமாற்றி. வெப்ப அளவுகள் அனைத்தும் செல்சியஸில்.

1. எந்த முறை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பிரேசிங்கில் இரண்டு பாகங்களுக்கு நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் மூன்றாவது உலோகம் உருகி ஓடி நிரப்புகிறது. பாகங்கள் உருகுவதில்லை. அழுத்தம் தேவையில்லை. லேத்தில் கடைந்த சாதாரண மேற்பரப்பு போதும். ஒரே ஓட்டத்தில் இருபது இணைப்புகளை முடிக்கலாம்.

விரவல் இணைப்பில் எதுவும் உருகுவதில்லை. நன்றாகத் தேய்த்த இரண்டு தட்டையான முகங்களைச் சூட்டில் அழுத்தி வைத்தால், அணுக்கள் எல்லைக்கோட்டைத் தாண்டி நகர்ந்து கோடே மறைந்துவிடுகிறது. நிரப்பு உலோகம் இல்லாததால் நுண்கால்வாய் அடைபடாது. ஆனால் சூட்டில் அழுத்தும் பிரஸ் வேண்டும், முகங்கள் தட்டையாக இருக்க வேண்டும்.

நான் பின்பற்றும் வழி எளியது. உருளைக்குள் உருளை என்றால் பிரேசிங். தகட்டின் மேல் தகடு, நடுவே நுண்ணிய கால்வாய் என்றால் விரவல். டிக் (TIG) வெல்டிங்கிலேயே முடிந்துவிடும் வேலையை உலைக்குக் கொண்டுவராதீர்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை, உலைக்குள் போகவே கூடாதவை

செம்பு ஆக்சிஜனற்ற வகையாக இருக்க வேண்டும். மின்கம்பிக்கு வரும் சாதாரணச் செம்பில் ஆக்சிஜன் கலந்திருக்கும். அது சூட்டில் வாயுவாக வெளிவந்து இணைப்பைக் கெடுக்கும். ஹைட்ரஜன் உலையில் வைத்தால் உள்ளேயே நீராவி உருவாகி உலோகம் விரிசல் விட்டுப்போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304எல் அல்லது 316எல் எடுங்கள். லேத்தில் எளிதாகக் கடையலாம் என்பதற்காக 303 வாங்குகிறார்கள். அதில் கந்தகம் சேர்த்திருப்பதால் உருகிய உலோகம் அதன் மேல் சரியாகப் படராது.

துத்தநாகமும் காட்மியமும் உலைக்குள் போகவே கூடாது. திறந்த காற்றிலேயே துத்தநாகம் 907 டிகிரியிலும் காட்மியம் 767 டிகிரியிலும் கொதிக்கின்றன. வெற்றிடத்தில் அதைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகி, உலையின் குளிர்ந்த சுவர்களிலும் பம்பிலும் படியும். காட்மியம் நஞ்சும்கூட. பித்தளை கூடாது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. ஆனால் பாகங்களைச் சேர்த்துக் கட்டும் கம்பி துத்தநாகம் பூசிய கட்டுக்கம்பி என்பதை யாரும் பார்ப்பதில்லை. அப்படி ஒரு சாண் கம்பி உள்ளே போனதற்காக ஒரு வாரம் உலையைக் கழற்றித் துடைத்தோம். முலாம் பூசிய நட்டு, போல்ட், வாஷருக்கும் இதே தடை.

உலையின் கசிவையும் முன்கூட்டியே பாருங்கள். குளிர்ந்த, காலியான உலையை 10⁻⁵ மில்லிபார் வரை இறக்கி, வால்வை மூடிவிட்டு அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று குறியுங்கள். ஒரு மணி நேரத்தில் 0.013 மில்லிபாருக்கு மேல் ஏறினால் முதலில் கசிவைச் சரிசெய்யுங்கள். வலிமையான பம்ப் இருந்தால், கசியும் உலையிலும் அளவி நல்ல எண்ணையே காட்டும். ஆனால் காற்று சூடான பாகத்தின் மேல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

3. நிரப்பு உலோகத்தைத் தேர்ந்தெடுத்தல்

வேலை செய்யும் வெப்பம், பாகங்கள் தாங்கும் வெப்பம், அடுத்து இன்னொரு பிரேசிங் உண்டா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

நம் வேலைக்கு 72 சதவீதம் வெள்ளியும் 28 சதவீதம் செம்பும் கலந்த யூடெக்டிக் கலவை பொருத்தமானது. அது 780 டிகிரியில் ஒரே புள்ளியில் உருகுகிறது. உருகத் தொடங்கும் வெப்பமும் முழுதாக உருகும் வெப்பமும் ஒன்றே என்பதால் பாதி உருகிப் பாதி நிற்கும் தொல்லை கிடையாது. புதியவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை ஸ்டீலோடு இணைப்பதென்றால் நிக்கல் அடிப்படையிலான கலவைகள் உண்டு. குரோமியம், சிலிக்கான், போரான் கலந்த வகை 970 டிகிரியில் உருகத் தொடங்கி 1,000 டிகிரியில் முழுதாக உருகும். போரான் உள்ள கலவைக்கு உலையில் நைட்ரஜன் விடாதீர்கள். போரான் நைட்ரைடு உண்டாகி ஓட்டம் தடைப்படும். ஆர்கான் விடுங்கள். தூய செம்பையே நிரப்பியாகப் பயன்படுத்தினால் அது உருகும் 1,085 டிகிரியைத் தாண்டிப் போக வேண்டும்.

ஒரே பாகத்தில் இரண்டு முறை பிரேசிங் உண்டென்றால் அதிக வெப்பத்தில் உருகுவது முதலில், குறைவானது பிறகு. வெள்ளி–செம்போடு 5 சதவீதம் பல்லேடியம் சேர்ந்த கலவை 807 முதல் 810 டிகிரியில் உருகும். அதை முதலில் முடித்துவிட்டு 780-ல் உருகும் கலவையால் இரண்டாவது இணைப்பைச் செய்யலாம். ஆனால் நடுவே இருப்பது 30 டிகிரிதான். உலையில் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் 10 டிகிரி வேறுபாடு இருந்தால் இதில் இறங்காதீர்கள். முதல் இணைப்புக்கு 1,000 டிகிரியை ஒட்டி உருகும் தங்கம்–செம்புக் கலவையை எடுப்பது மேல். செலவு கூடும், பாகம் பிழைக்கும்.

4. இடைவெளியைச் சூட்டில் கணக்கிடுங்கள்

உருகிய உலோகத்தை இடைவெளிக்குள் இழுப்பது நுண்புழை விசை. இடைவெளி குறுகலாக இருந்தால்தான் அந்த விசைக்கு வலு உண்டு. வெள்ளி–செம்புக்கு ஒரு பக்கத்தில் 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை போதும். 0.1-ஐத் தாண்டினால் உள்ளே வெற்றிடங்கள் நிற்கும். உலோகம் கீழே வழிந்தோடிவிடவும் கூடும்.

இந்த அளவு அறை வெப்பத்தில் அல்ல, 780 டிகிரியில் இருக்க வேண்டும். புதியவர்கள் தவறுவது இங்கேதான். அறையில் அளந்து, கச்சிதமாகப் பொருந்துகிறது என்று மகிழ்ந்து உலையில் வைத்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்பு, அதற்கு வெளியே சாதாரண எஃகு வளையம். 780 டிகிரி வரை செம்பின் சராசரி விரிவு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 20 பங்கு. எஃகுக்குச் சுமார் 14. வேறுபாடு 6. அதை 760 டிகிரியாலும் 50 மில்லிமீட்டராலும் பெருக்கினால் விட்டத்தில் ஏறக்குறைய 0.23 மில்லிமீட்டர் வருகிறது. நாம் தேடும் இடைவெளியைவிடப் பல மடங்கு இது. செம்பு உள்ளே இருந்தால் இடைவெளி மூடிக்கொண்டு, செம்பு வளையத்தில் முட்டி நசுங்கும். வெளியே இருந்தால் இடைவெளி அகன்றுவிடும்.

304எல் செம்புக்கு மிக நெருக்கமாக, பத்து லட்சத்தில் சுமார் 19 பங்கு விரிகிறது. 50 மில்லிமீட்டரில் வேறுபாடு 0.04-க்குள் அடங்கும். முதல் பயிற்சிக்கு இந்த இணையை நான் சொல்வதற்கு இதுவே காரணம். அப்போதும் அந்த 0.04-ஐக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையும்போது மேற்பரப்பைக் கண்ணாடிபோல் மினுக்க வேண்டாம். சராசரிச் சொரசொரப்பு 0.8 முதல் 1.6 மைக்ரான் வரை இருந்தால் கடைசல் வரிகளே உருகிய உலோகத்துக்கு வாய்க்கால்களாகும். விளிம்பில் பிசிறு விடாதீர்கள்; பிசிறு இடைவெளியின் வாயை அடைத்துவிடும். இணைப்பின் அடியில் குருட்டுத் துளை இருந்தால் காற்று வெளியேற ஒரு சிறு வழி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து, உருகிய உலோகத்தைத் துளைத்துக்கொண்டு வரும்.

5. கம்பியின் அளவும் இடமும்

கண்ணளவில் நிரப்புக் கம்பி வைக்காதீர்கள். 50 மில்லிமீட்டர் விட்டம், 5 மில்லிமீட்டர் நீளம், 0.05 இடைவெளி என்றால் நிரப்ப வேண்டிய கனஅளவு ஏறக்குறைய 39 கன மில்லிமீட்டர். இரண்டு முனைகளிலும் உருவாகும் சிறு சரிவுகளுக்கு இன்னும் 17 சேர்த்தால் 56. 0.75 மில்லிமீட்டர் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றினால் 69 வருகிறது. இருபது சதவீதத்துக்குச் சற்று மேல் உபரி; போதும். 1 மில்லிமீட்டர் கம்பியானால் 123 வந்து, மிச்சம் செம்பின் மேல் வழிந்து அதை அரிக்கத் தொடங்கும்.

கம்பியை இணைப்பின் மேல்முனையில் ஒரு சிறு பள்ளத்தில் உட்காரவையுங்கள். மேலே வைத்து, கீழ்முனையில் உலோகம் எட்டிப் பார்க்கிறதா என்று தேடினால், முழு நீளமும் நிரம்பியதற்கு அதுவே முதல் சான்று. இரு முனைகளிலும் கம்பி வைத்தால் அந்தச் சான்று போய்விடும். நடுவே வாயுவும் சிக்கிக்கொள்ளும்.

கம்பிக்குப் பதில் பசை வடிவ நிரப்பியைப் பயன்படுத்தினால் அதிலுள்ள பிணைப்பான் ஆவியாகிப் போக 350 முதல் 500 டிகிரிக்குள் ஒரு நிறுத்தம் தேவைப்படும். கம்பியோ மென்தகடோ கிடைக்கும்போது பசையை எடுக்காதீர்கள். உலையை அது அழுக்காக்கும்.

6. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு நிக்கல் முலாம்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் துருவிலிருந்து காப்பது குரோமியம் ஆக்சைடுப் படலம். 780 டிகிரியில் வெற்றிடம் மட்டும் அந்தப் படலத்தை நீக்கிவிடாது. 1,000 டிகிரிக்கு மேல் போகும் நிக்கல் நிரப்பிகளுக்கு இந்தக் கவலை குறைவு. வெள்ளி–செம்பு மட்டும் வெறும் ஸ்டீலின் மேல், எண்ணெய் தடவிய வாழையிலையில் விழுந்த நீர்போல உருண்டு நிற்கும்.

ஆகவே இணையும் பரப்பில் 5 முதல் 10 மைக்ரான் நிக்கல் முலாம் பூசுங்கள். முதலில் நிக்கல் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த தொட்டியில் மெல்லிய முதற்பூச்சு, அதன் மேல் வழக்கமான பூச்சு. முதற்பூச்சு இல்லாவிட்டால் முலாம் ஸ்டீலைப் பிடிக்காது.

மின்சாரமில்லாத வேதிமுறை நிக்கல் முலாம் வேண்டாம். அதில் பாஸ்பரஸ் இருக்கிறது. இரும்போடு சேர்ந்து நொறுங்கும் தன்மையுள்ள சேர்மங்களை உண்டாக்கும். முலாம்கடையில் கேட்காமல் விட்டால் பல சமயம் அதைத்தான் பூசித் தருவார்கள். "மின்முலாம், பாஸ்பரஸ் கூடாது" என்று எழுதியே கொடுங்கள்.

பூசி வந்ததும் நேராக அடுக்கிவிட வேண்டாம். முலாமிட்ட பாகத்தை மட்டும் வெற்றிடத்தில் 850 டிகிரிக்குச் சூடாக்கிப் பாருங்கள். கொப்புளம் எழுந்தால் இப்போதே தெரிந்துவிடும். அடுக்கிய பிறகு தெரிந்தால் செம்புப் பாகமும் சேர்ந்து வீணாகும்.

7. சுத்தம்: வரிசையை மாற்றாதீர்கள்

ஃபிளக்ஸ் இல்லாத வேலை இது. அழுக்கைக் கரைக்க உள்ளே வேறு எதுவும் இல்லை. முதலில் சூடான காரக் கரைசலில், முடிந்தால் அல்ட்ராசோனிக் தொட்டியில், எண்ணெய் நீக்குங்கள். தூய நீரில் அலசுங்கள். பிறகு செம்பை நீர்த்த கந்தக அமிலத்திலோ சிட்ரிக் அமிலத்திலோ சற்று நேரம் முக்கி, மறுபடி அயனி நீக்கிய நீரில் அலசி, கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவுங்கள். எண்ணெய் இருக்கும் இடத்தை அமிலம் தொடாது. எனவே அமிலத்தை முதலில் வைத்தால் பாகம் திட்டுத்திட்டாக வரும்.

நன்றாகக் கழுவிய பரப்பில் நீர் அறுபடாத ஒரே ஏடாக நிற்கும். ஓரிடத்தில் துளித்துளியாகப் பிரிந்தால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் செய்யுங்கள்.

உலர்த்தக் கம்ப்ரஸர் காற்றைப் பீய்ச்சுவதைப் பலமுறை தடுத்திருக்கிறேன். அதில் கம்ப்ரஸரின் எண்ணெயே கலந்து வரும். சிலிண்டர் நைட்ரஜன் பயன்படுத்துங்கள். எமரித் தாளோ கம்பி பிரஷோ இணைப்புப் பரப்பில் படக் கூடாது, தேய்க்கும் துகள்கள் செம்பில் பதிந்து அங்கேயே தங்கிவிடும். பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறையோடு மட்டுமே தொடுங்கள். கழுவிய அன்றே உலையில் ஏற்றுங்கள்.

8. அடுக்குதல்

780 டிகிரியில் செம்பு தன் எடையையே தாங்காமல் தொய்யும். நீளமான பாகத்தைச் செங்குத்தாக நிறுத்துங்கள், அல்லது அடியில் முழுநீளத்துக்கும் தாங்கல் கொடுங்கள். இறுக்கிக் கட்டும் கிளாம்புகளைவிட மேலே வைக்கும் எடை நல்லது. பாகம் விரிந்தாலும் சுருங்கினாலும் எடை மாறாது. கிளாம்ப் நசுக்கும், அல்லது தளர்ந்துவிடும்.

எந்த இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தனித்தனியே உருகாதவை தொட்ட இடத்தில் உருகலாம். செம்பும் டைட்டானியமும் 880 டிகிரியை ஒட்டியே சேர்ந்து உருகும். செம்பும் அலுமினியமும் 548-லேயே. கிராஃபைட் தட்டில் எஃகை நேராக வைத்து 1,150 டிகிரிக்குப் போனால் இரும்பும் கார்பனும் சேர்ந்து உருகித் தட்டோடு ஒட்டிவிடும். நடுவே அலுமினா தட்டோ பீங்கான் நார்த்தாளோ வையுங்கள். உலோகம் ஓடக்கூடாத இடத்தில் அலுமினா அல்லது யிட்ரியா தூள் கலந்த தடுப்புப் பூச்சைத் தடவலாம், ஆனால் இணைப்பின் வாயிலிருந்து தள்ளியே.

வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று மிகத் தடித்த பாகத்தில் துளையிட்டு உள்ளே, இன்னொன்று மிக மெல்லிய இடத்தில். வெற்றிடத்தில் வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே போய்ச் சேர்கிறது. 500 டிகிரிக்குக் கீழே கதிர்வீச்சு வலுவற்றது, பளபளக்கும் செம்போ வந்ததையும் திருப்பி அனுப்பும். உலையின் அளவி காட்டும் வெப்பத்துக்குப் பல பத்து டிகிரி பின்தங்கிப் பாகம் நிற்கலாம்.

9. உலை ஓட்டம்

அழுத்தம் 5×10⁻⁵ மில்லிபாருக்குக் கீழே இறங்கிய பிறகு நிமிடத்துக்கு 5 முதல் 10 டிகிரி வேகத்தில் ஏற்றுங்கள். நடுவில் பாகங்களிலிருந்து வாயு வெளிவந்து அழுத்தம் ஏறினால், வெப்பத்தை நிறுத்திவைத்து அது மறுபடி இறங்கும்வரை காத்திருங்கள். அட்டவணையைவிட அளவி சொல்வதே முக்கியம்.

740 முதல் 750 டிகிரியில் முதல் பெரிய நிறுத்தம். 20 நிமிடமோ 40 நிமிடமோ, இரண்டு தெர்மோகப்பிள்களும் 5 டிகிரிக்குள் ஒத்துவரும் வரை. மெல்லிய பாகம் முன்னதாகவே சூடேறியிருக்கும்போது உலோகம் உருகினால் அது சூடான பக்கம் மட்டுமே ஓடும், மற்றப் பக்கம் வெறுமையாக நிற்கும். பாதி நிரம்பிய இணைப்புகளில் பெரும்பாலானவை இந்த நிறுத்தத்தில் அவசரப்பட்டதால் வந்தவை.

பிறகு 800 முதல் 810 டிகிரிக்கு ஏற்றி, 3 முதல் 5 நிமிடம் பிடியுங்கள். அதற்கு மேல் பிடித்தால் இரண்டு கேடுகள். வெள்ளி ஆவியாகி உலைத் திரைகளில் படியும். உருகிய கலவை செம்புப் பாகத்தையே கரைத்து உண்ணும். வெப்பம் கூடக்கூட அதன் பசியும் கூடும். "பாதுகாப்புக்காக இன்னும் 30 டிகிரி" என்ற யோசனை மெல்லிய செம்புச் சுவரில் ஓட்டை போட்டிருக்கிறது.

குளிரவிடும்போது 700 டிகிரிக்குக் கீழே வரும்வரை வெற்றிடத்திலேயே விடுங்கள். உலோகம் உறையும் முன் வாயுவைப் பாய்ச்சினால் அது இணைப்பிலிருந்து வெளியே ஊதப்படும். 500-க்குக் கீழே ஆர்கான் விட்டு விரைவாகக் குளிர்விக்கலாம். 80 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் கதவைத் திறக்க வேண்டும். அவசரத்தில் திறந்த செம்பு பழுப்பும் ஊதாவுமாக நிறம் மாறி நிற்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

10. வெளியே எடுத்த பின்

கம்பி வைக்காத முனையைப் பாருங்கள். சுற்றிலும் அறுபடாத, உட்குழிந்த, வெள்ளி நிறச் சரிவு தெரிய வேண்டும். செம்பு இப்போது முற்றிலும் மென்மையாகியிருக்கும். விரல் அழுத்தத்தில் மெல்லிய சுவர் வளையும், வைஸில் பிடிக்காதீர்கள்.

அடுத்து ஹீலியம் கசிவுச் சோதனை. உயர் வெற்றிடப் பாகத்துக்குப் பொதுவாக நொடிக்கு 1×10⁻⁹ மில்லிபார்-லிட்டருக்குக் கீழே கேட்பார்கள். நீர் அழுத்தச் சோதனையை இதற்குப் பிறகு வையுங்கள். முன்னதாக நீரை ஏற்றினால் நுண்ணிய கசிவுகளில் நீர் புகுந்து அடைத்துக்கொள்ளும். ஹீலியம் கருவி நல்ல பாகம் என்று சொல்லிவிடும்; சில மாதங்களில் அது காய்ந்து கசியத் தொடங்கும்.

கசிந்தால் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே மறுபடி உலைக்கு. நிரப்பி போதாமல் இருந்திருந்தால் கொஞ்சம் கம்பி சேர்த்து ஒருமுறை முயலலாம். உலோகம் பரப்பைப் பிடிக்காமல் உருண்டிருந்தால் மறு ஓட்டம் பயன் தராது. உள்ளே இருக்கும் அழுக்கை இனி யாராலும் கழுவ முடியாது.

11. விரவல் இணைப்பு: முகங்களைத் தயாரித்தல்

ஒன்று முதல் எட்டு வரை சொன்ன எச்சரிக்கைகளில் சுத்தமும் தடைசெய்த உலோகங்களும் இங்கும் அப்படியே பொருந்தும். மேற்பரப்பு மட்டும் நேர்மாறு. இங்கே இடைவெளியை நிரப்ப எதுவும் வரப்போவதில்லை. சராசரிச் சொரசொரப்பு 0.4 மைக்ரானுக்குக் கீழே வேண்டும், 0.1-ஐ ஒட்டி இருந்தால் இன்னும் நல்லது.

சொரசொரப்பைவிடத் தட்டைத்தன்மை முக்கியம். கண்ணாடிபோல் பளபளக்கும் தகடு 30 மைக்ரான் வளைந்திருந்தால் நடுவில் தொடவே தொடாது. துணிச்சக்கரத்தில் மெருகேற்றினால் விளிம்புகள் உருண்டுவிடும். எனவே தட்டையான வார்ப்பிரும்புத் தட்டில் தேய்ப்புத் தூளோடு தேய்த்து லேப்பிங் செய்யுங்கள்.

தகட்டின் தடிமனையும் நான்கு மூலைகளிலும் அளந்து எழுதுங்கள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் 10 மைக்ரான் தடித்திருந்தால் 20 தகடுகளை ஒரே போக்கில் அடுக்கும்போது 0.2 மில்லிமீட்டர் சரிவு சேர்ந்துவிடும். தகடுகளை மாற்றி மாற்றித் திருப்பி அடுக்கினால் இது தீரும்.

12. அழுத்தம், வெப்பம், நேரம்

சூட்டில் முதலில் நடப்பது மேடுகள் நசுங்கி முகங்கள் தொடுவது. அதற்கு அழுத்தம் வேண்டும். அடுத்து, நடுவே மிஞ்சிய சிறு குழிகள் அணுக்களின் நகர்வால் சுருங்குகின்றன. அதற்கு வெப்பமும் நேரமும். கடைசியில் படிகங்கள் கோட்டைத் தாண்டி வளர்கின்றன. அழுத்தத்தைக் கூட்டி நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று நினைப்பவர்கள் முதல் கட்டத்தை மட்டுமே விரைவுபடுத்துகிறார்கள். கூடவே கால்வாய்களையும் நசுக்குகிறார்கள்.

316எல்-க்கு 1,050 முதல் 1,150 டிகிரி, 5 முதல் 10 மெகாபாஸ்கல், ஒன்று முதல் மூன்று மணி நேரம் என்று தொடங்குங்கள். 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த டைட்டானியத்துக்கு 900 முதல் 930 டிகிரி, 2 முதல் 3 மெகாபாஸ்கல் போதும். 995 டிகிரியை ஒட்டி அதன் படிக அமைப்பு மாறிப் படிகங்கள் பெருத்துவிடும். அதற்குக் கீழேயே நில்லுங்கள். டைட்டானியம் தன் ஆக்சைடைத் தானே கரைத்துக்கொள்ளும் என்பதால் பயிற்சிக்கு மிக ஏற்றது. அலுமினியத்தின் ஆக்சைடு கரையாது. அதில் தொடங்காதீர்கள்.

சுமைக் கணக்கு: 100-க்கு 100 மில்லிமீட்டர் தகட்டில் 5 மெகாபாஸ்கல் என்றால் 50 கிலோநியூட்டன், ஏறக்குறைய 5 டன். ஆனால் பரப்பில் 40 சதவீதத்தைக் கால்வாய்கள் எடுத்துக்கொண்டால் உண்மையில் தொடுவது 60 சதவீதம்தான். அதே 5 டன்னை வைத்தால் அங்கே அழுத்தம் 8 மெகாபாஸ்கலைத் தாண்டும். இதைவிட மோசமான பிழை ஒன்று உண்டு. மேல் தகட்டின் கால்வாய் கீழ்த் தகட்டின் கால்வாய்க்கு நேர் மேலே இல்லாமல் விலகி இருந்தால், கால்வாய்க்கு மேலுள்ள பகுதிக்குச் சுமையே போய்ச் சேராது, அது ஒட்டாது. வரைபடத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, ஒவ்வோர் இணைப்புப் பரப்புக்கும் சுமை இறங்கும் வழி திட உலோகத்தின் வழியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வாயு வெளியேற இடம் வேண்டும் என்பதால் சூடேறும்போது லேசான சுமை மட்டும். அடுக்கு முழுதும் ஒரே வெப்பத்துக்கு வந்த பிறகு முழுச் சுமை. நேரம் முடிந்ததும் சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிய பின் குளிரவிடுங்கள். அழுத்தும் தட்டும் பாகமும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால், முழுச் சுமையில் குளிர்ந்தால் புது இணைப்பு பக்கவாட்டில் இழுபடும்.

பிரஸ் இல்லாதவர்கள் மாலிப்டினம் சட்டத்தில் பாகத்தை இறுக்கி, விரிவு வேறுபாட்டால் அழுத்தம் பெறுகிறார்கள். 50 மில்லிமீட்டர் உயர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அடுக்கு 1,100 டிகிரியில் சுமார் 1.05 மில்லிமீட்டர் வளரும். மாலிப்டினம் சுமார் 0.3. மீதி 0.75 மில்லிமீட்டரும் பாகத்தைத்தான் நசுக்கும், ஏறக்குறைய 1.5 சதவீதம். கால்வாய் இல்லாத பாகத்துக்கு இது ஏற்கத்தக்கது. கால்வாய் இருந்தால் குளிர்நிலையில் கணக்கிட்ட அளவுக்குத் தளர்வு விட்டே இறுக்க வேண்டும்.

13. இரண்டு வேறு உலோகங்கள் என்றால்

செம்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் நடுவே நொறுங்கும் சேர்மங்களை உண்டாக்குவதில்லை; நேராக இணைக்கலாம். டைட்டானியமும் ஸ்டீலும் அப்படியல்ல. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கடினமான, உடையும் அடுக்கு உருவாகி, குளிரும்போதே விரிசல் விடும். நடுவே நிக்கல் மென்தகடு வைத்து, வெப்பத்தையும் நேரத்தையும் குறைத்து, அந்த அடுக்கைச் சன்னமாக வைத்திருப்பதே வழி. நிக்கலும் டைட்டானியமும் 942 டிகிரியில் சேர்ந்து உருகும் என்பதால் அதற்கு நன்றாகக் கீழே நிற்க வேண்டும். இங்கே அதிக நேரம் பிடித்தால் இணைப்பு வலுவிழக்கும். ஒரே உலோகத்தில் பழகியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

14. சோதனை

முதலில் உயரம். முன்னும் பின்னும் அளந்து, 1 முதல் 3 சதவீதம் குறைந்திருந்தால் நல்லது. குறையவே இல்லை என்றால் முகங்கள் சரியாகத் தொடவில்லை. 5 சதவீதத்தைத் தாண்டினால் கால்வாய்களின் கதியைப் பார்க்க வேண்டும்.

அல்ட்ராசோனிக் சோதனை பெரிய வெற்றிடங்களைக் காட்டும். முகங்கள் ஒன்றையொன்று முழுதாகத் தொட்டும் படிகங்கள் கோட்டைத் தாண்டாத இடத்தை அது காட்டாது. ஒலி அதன் வழியே தடையின்றிப் போய்விடும், கசிவுச் சோதனையிலும் அது தேறிவிடும். அழுத்தமும் வெப்பமும் மாறிமாறி வரும் வேலையில்தான் அது பிளக்கும்.

அதனால் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒரு சாட்சித் துண்டு வையுங்கள். அதே உலோகம், அதே லேப்பிங், அதே கழுவல், சதுர மில்லிமீட்டருக்கு அதே சுமை. அதைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, அமிலத்தில் அரித்து நுண்ணோக்கியில் பாருங்கள். நேர்கோடு ஒன்று இன்னும் தெரிந்தால் வெப்பமோ நேரமோ போதவில்லை. கோடு நெடுகக் கரும்புள்ளிகள் வரிசையாக இருந்தால் அழுத்தம் போதவில்லை, அல்லது முகங்கள் அழுக்கு. படிகங்கள் கோட்டைத் தாண்டி வளர்ந்திருந்தால், துண்டின் இன்னொரு பாதியை இழுவைச் சோதனைக்கு அனுப்புங்கள். இந்த முடிவு கைக்கு வரும்வரை அடுத்த அடுக்கை உலையில் ஏற்றாதீர்கள்.